மரியநேசனின் கறுப்புக் கோட்

முல்லைத்தீவுக் கடற்கரையில் இந்தச் சில வருடங்களாக தேவாலயத்தில் முதன்முறை நற்கருணை வாங்கி, முதல் நன்மை எடுத்த பிள்ளைகளின் படங்கள் எல்லாவற்றிலும் மரியநேசன் நின்றிருக்கிறார். ஒரு அல்பத்திலும் அவர் இல்லை.

காரணம் படக்காரன் ஜெயந்தனின் கமரா. அதன் திருகுசில்லு 'ஓட்டோ' என்ற தானியங்கி முறையில் இறுகிவிட்டது. எவ்வளவு வெளிச்சம் வேண்டுமென்று கமராவேதான் தீர்மானிக்கும். அதற்கு உலகம் முழுக்கச் சாம்பல் நிறம் என்ற நினைப்பு. வெள்ளைச் சுவர், வெள்ளை மணல், வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் என்று கண்டால், வெளிச்சம் கூடிவிட்டதென்று பயந்து குறைத்துவிடும். சட்டை சாம்பலாகும், முகம் அடுப்புக்கரியாகும். தாய்மார் ஜெயந்தனைப் பேசாத பேச்சில்லை.

ஒருநாள் விடிய, மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்த மரியநேசன், கனடாவிலிருந்து மைத்துனன் அனுப்பிய கறுப்புக் குளிர்க்கோட்டோடு படத்துக்குக் குறுக்கே நின்றுவிட்டார். அந்தப் படத்தில் மட்டும் முகங்கள் பளிச்சென்று இருந்தன. கறுப்பைக் கண்ட கமரா, இருட்டிவிட்டதென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறது. அன்றிலிருந்து வெள்ளை உடுத்த சனம் கூடுகிற இடமெல்லாம் அவரைக் கூட்டிப்போனார்கள். உச்சி வெயிலில் கோட்டை மாட்டிக்கொண்டு, ஓரத்தில் வேர்த்து வடிந்தபடி நிற்பார். பிறகு ஜெயந்தன் அவர் நிற்கும் ஓரத்தை வெட்டிவிட்டுப் படத்தைக் கொடுப்பான். கறிவேப்பிலையாவது சாப்பாட்டுக் கோப்பை வரைக்கும் வரும். அயல்வீட்டில் இருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனிதருக்கோ கோபமே வராது.

மகள் டிலுசாவின் கலியாணம் வந்தது. அன்றாவது தகப்பனாக ஒரு படத்தில் இருக்கவேண்டும் என்று மனைவி மார்கிறட்டிடம் வாய்விட்டே சொன்னார். வெள்ளை வேட்டி சட்டையோடு கோயில் வாசலில் நின்றார். மாப்பிள்ளையும் வெள்ளை உடுப்பு. முதல் படத்திலேயே எல்லா முகமும் கரி. ஜெயந்தன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, ஒருக்கா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரமா நில்லுங்கோவன்."

வீட்டிலிருந்து கோட் வந்தது. மரியநேசன் வாங்கி மாட்டிக்கொண்டு ஓரத்துக்குப் போனார். டிலுசா வெள்ளை நீளக் கலியாணச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தாள்.

"நடுவில வந்து நில்லுங்கோ அப்பா."

"படம் பழுதாப்போகும் பிள்ளை."

"போகட்டும்."

பழுதாகத்தான் போனது. நடுவில் அவ்வளவு கறுப்பைக் கண்ட கமரா வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியதில், மணமக்கள் இருவரும் கோயில் சுவரோடு சுவராக வெளுத்துப்போனார்கள். வெயிலில் கருகிய மரியநேசனின் முகம் மட்டும் மீசை நரை உட்படத் தெளிவாக இருக்கிறது. அழுகிறார்.

அந்தப் படத்தைத்தான் டிலுசா பெரிதாக்கி மாமியார் வீட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறாள். பொம்பிளை எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று வருகிறவர்கள் தேடுவார்கள். அவள் நடுவில் விரலை வைத்து, "இவர் என்ர அப்பா" என்பாள்.