மஞ்சள் பெல்ட்டுக்கு ஒரு சத்தம்

ரயில் போய்விட்டது. நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு காலை. ராஜபாளையத்தில் என் வீட்டுக்கும் நான் வேலை பார்க்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட். மதுரைப் பக்கம் போகிற வண்டிக்காக அதை மூடும்போது, சைக்கிள்காரர்கள், மாட்டுவண்டி, மில்லில் ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தலையோடு வருகிறவர்கள் — எல்லாரோடும் நானும் நிற்பேன். அன்றைக்கும் நின்றேன். வண்டி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். அன்றைக்கென்று பெட்டிகள் குறைவு போலிருக்கிறது... சக்கரச் சத்தம் சட்டென்று ஓய்ந்துவிட, என் சத்தம் மட்டும் தண்டவாளத்தின் மேல் தனியாக, துணியில்லாத பிள்ளை மாதிரி நின்றது.

கண்ணைத் திறந்தால் மொத்தக் கேட்டும் என்னைப் பார்க்கிறது.

பக்கத்தில் மொபெட்டில் ஒருவர். என் வயதுதான் இருக்கும். சேத்தூரிலிருந்து ஹோட்டல்களுக்கு வாழையிலை கொண்டுவருகிறவர். பதறிப்போய்விட்டார்.

“யாரைத் தாயி வண்டில விட்டுட்டீக? ஏறுங்க. வில்லிபுத்தூர்ல போய் புடிச்சிரலாம்.”

எனக்கு இடம் பண்ணுவதற்காக இலைக்கட்டை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டார். யாரையும் விடவில்லை என்றேன். பிறகு எதற்குக் கத்தினீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொய் யோசிக்க நேரமில்லை. கராத்தே டெஸ்ட் வருகிறது, அதற்குத்தான் பழகுகிறேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் டிபன் கேரியரைப் பார்த்தார். காதோரத்து நரையைப் பார்த்தார். இலைக்கட்டை நிதானமாகத் திரும்பக் கட்டினார்.

“அப்ப இன்னும் செத்த பழகணும் தாயி. நான் அழுதீகன்னுல்ல நெனச்சேன்.”

மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார் — எனக்கு அங்கேயே பரீட்சை வைத்து, அங்கேயே பெயிலும் போட்டுவிட்டு!

கராத்தேயா, உனக்கா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எனக்குத்தான். நாற்பத்திரண்டு வயதில்.

என் மகளைத்தான் சேர்த்தேன். அவள் பத்து நாள் போனாள், விரல் முட்டியைத் தரையில் ஊன்றித் தண்டால் எடுக்கச் சொன்னார்கள், பதினோராம் நாள் மாட்டேன் என்றாள். அதை மாஸ்டரிடம் சொல்லிவிட்டு வரப் போனேன். மாஸ்டர் சின்னப் பையன். பகலில் மோட்டார் காயில் கட்டுகிற கடை, சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் கராத்தே. “அப்ப நீங்க வாரீகளாக்கா?” என்று விளையாட்டாகத்தான் கேட்டான். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

ஏன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியாது. என் கால்களுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது என்பது ஒரு காரணம். வேலையோ ஒரே நாற்காலி. காதில் ஹெட்போன், முன்னால் போர்டு. ஊர் முழுக்க என் விரல் வழியாகத்தான் பேசுகிறது. பருத்தி விலை, பிள்ளை பிறந்தது, பெரியவர் போய்விட்டார், லாரி கிளம்பிவிட்டது... ட்ரங்க் கால் வந்தால் எல்லாரும் மதுரைக்கே கேட்கிற மாதிரி கத்துவார்கள். கத்தக் கூடாதவள் ஒருத்திதான். ஆபரேட்டர். குரலை வாயை விட்டு நாலு அங்குலத்துக்கு மேல் வெளியே அனுப்பாமல் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என் வாய் ஓயாததைப் பார்க்கிற நீங்கள், நேரில் கேட்டால் நம்ப மாட்டீர்கள்.

அதுதான் டெஸ்டில் வந்து நின்றது.

கை கால் எல்லாம் எப்படியோ வசப்பட்டுவிட்டது. குக்கர் மூன்று விசில் வரும்வரை அடுப்பு முன்னால் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி கால் அகட்டி நிற்பேன். மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனால், கொடிக்கு இந்தப் பக்கம் நாலு பஞ்ச், அந்தப் பக்கம் நாலு பிளாக். இல்லாத எதிரிகளோடு வரிசையாகச் சண்டை போடுகிற காத்தா என்று ஒன்று உண்டு. அதன் கால்வைப்பை போர்டுக்கு அடியிலேயே செருப்பில்லாமல் போட்டுப் பார்ப்பேன். வகுப்பில் என் இடுப்புயரப் பிள்ளைகள் என்னை ‘அத்தை’ என்று கூப்பிட்டு, இடது காலை எங்கே வைப்பது என்று என்னிடமே கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் காத்தாவில் இரண்டு இடத்தில் கத்த வேண்டும். அதற்குக் கியாய் என்று பெயர். அடிவயிற்றிலிருந்து மூச்சு மொத்தமும் ஒரே சத்தமாகப் புறப்பட்டு, குத்தோடு சேர்ந்து போக வேண்டும். எனக்கு என்ன போனது தெரியுமா? விக்கல் மாதிரி ஒன்று.

மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னான். “கை சரியாப் போகுது, கால் சரியா நிக்குது. ஆனா ஆளில்லாத வீட்டுல கதவைத் தட்டுன மாதிரி இருக்குக்கா. சத்தம் வராட்டி, டெஸ்ட் வைக்க வர்ற மதுரைக்காரர் பாஸ் போட மாட்டாரு.”

பாஸ் ஆகாவிட்டால் என்ன, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அடுத்த தடவை கிடையாது. எங்கள் வீட்டில் என் நாத்தனார் இருக்கிறார்கள். வெள்ளைப் பைஜாமா போட்டுக்கொண்டு தம்பி பெண்டாட்டி மைதானத்தில் காலைத் தூக்குவது பற்றி அவர்களுக்குத் தீர்மானமான கருத்து உண்டு. என் வீட்டுக்காரர் பஞ்சுக் கடையில் இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். ஆரம்பத்தில், அடிபட்டால் கவலையில்லை, பக்கத்திலேயே பேண்டேஜ் துணி நெய்கிற சத்திரப்பட்டி, கட்டுப்போடப் பஞ்சமில்லை என்று சிரித்ததோடு சரி. அக்காவின் பேச்சு அதிகமாக ஆக, ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“ஒரு பரீட்சை. தேறிட்டேன்னா நீ பாட்டுக்குப் போ, யாரும் கேக்க மாட்டோம். தேறலைன்னா அந்த உடுப்ப மடிச்சு வச்சிரு.”

நாத்தனார் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். சத்தமில்லாமல்.

சத்தம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தேன். சின்ன வயதில் பலமாகச் சிரித்தால் அம்மா திரும்பிப் பார்ப்பாள். திட்ட மாட்டாள். பார்வை போதும். என் பிரசவத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். சத்தமே போடாத நல்ல பொண்ணு என்று நர்ஸம்மா பாராட்டினார்கள். ஒரு பெண்ணுக்கு நல்லவள் பட்டம் எதற்கெல்லாம் கிடைக்கிறது பாருங்கள்!

சரி, பழகலாம் என்றால்... எங்கே? நீங்கள் யோசித்துப் பாருங்கள். நம் ஊர்களில் ஒரு பெண் சும்மா கத்துவதற்கு ஓர் இடம் உண்டா? குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டு அம்மா பாம்பு என்று நினைத்து விளக்குமாறோடு வந்துவிட்டார்கள். மொட்டைமாடியில் கத்தினேன். திருடனா என்று தெருவில் குரல் கேட்டது. கடைசியில்தான் ரயிலைக் கண்டுபிடித்தேன். எஞ்சின் அலற, சக்கரம் அலற, நடுவில் நானும் அலறினால் எனக்கே கேட்காது. அதுதான் சௌகரியம். சரக்கு வண்டி வந்தால் எனக்குத் தீபாவளி.

இலைக்காரர் வந்து அந்தச் சௌகரியத்தைக் கெடுத்தார். நான் அழுததாக அவர் நினைத்தது எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. பாம்பு, திருடன், ரயிலில் விட்ட பிள்ளை... நான் எப்போது வாயைத் திறந்தாலும் ஊர் ஓடி வந்து காப்பாற்றப் பார்க்கிறது. தப்பு ஊர்மேல் இல்லை. என் சத்தமே ‘யாராவது வாங்களேன்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. வேறு மாதிரி கத்த எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி. கீழே மறுநாள் கல்யாணத்துக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் கோபுரம். பிள்ளைகள் வரிசையாக உட்கார, பின்னால் இரும்பு நாற்காலியில், மடியில் என் ஒயர் கூடையோடு, என் வீட்டுக்காரர். கூட வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தீர்ப்பை நேரிலேயே கேட்க வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை வைக்க மதுரையிலிருந்து வந்தவர் வழுக்கைத் தலையும் கறுப்பு பெல்ட்டுமாக, முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் எல்லாரும் முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார். பஞ்ச், பிளாக், கிக் — குறையொன்றும் சொல்லவில்லை. காத்தா. முதல் கியாய் வரும் இடம் வந்தது. கை போயிற்று. வாய் திறந்தது. விக்கல்.

பிள்ளைகள் பக்கம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பதைவிட மோசம். மாஸ்டர் தரையைப் பார்த்தான். மதுரைக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மறுபடியும் முதல்ல இருந்து. இதான் கடைசி.”

திரும்பப் போய் நின்றேன். மூச்சை உள்ளே இழுத்தேன். அந்த ஒரு கணம்... என்னத்தைச் சொல்ல? எல்லா ட்ரங்க் கால்களும் அறுந்து போன போர்டு மாதிரி உள்ளே ஓர் அமைதி. மதுரை இல்லை, சென்னை இல்லை, யாருக்கும் யாரையும் இணைத்துக் கொடுக்க வேண்டியதில்லை. பேச வேண்டியவள் நான் ஒருத்திதான். யாரும் வர வேண்டாம் என்று நினைத்தேன். யாரும் ஓடி வர வேண்டாம். நான் இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு காலை முன்னால் வைத்தேன். இரண்டு. மூன்று. கை புறப்பட்டது, அதோடு அதுவும் புறப்பட்டது. என் சத்தம்! நாற்பத்திரண்டு வருஷம் அடுக்கி வைத்த சத்தம் — மண்டபத்துச் சுவரில் மோதி, ஜன்னல் கம்பியில் அதிர்ந்து, ஓட்டிலிருந்த புறாக்களையெல்லாம் கோபுரத்துப் பக்கம் விரட்டிவிட்டு, திரும்ப என் காதுக்கே வந்து சேர்ந்தது. நான் நிற்கவில்லை. திரும்பினேன், தடுத்தேன், நடந்தேன், இரண்டாவது இடத்தில் இன்னொன்று. அது முதலாவதைவிடப் பெரிது.

முடித்து வணங்கும்போது படியில் தடதடவென்று கால் சத்தம். சமையல்காரர், கையில் கரண்டியோடு, மூச்சு வாங்கிக்கொண்டு.

“யாரு யார அடிச்சா?”

கவனித்தீர்களா? யாருக்கு என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை.

மதுரைக்காரர் முகத்தில் முதல் தடவையாக எதுவோ அசைந்தது. “இன்னும் யாரையும் அடிக்கல அண்ணாச்சி. பாஸ்தான் ஆயிருக்காங்க” என்றார்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் நறுக்கிய காய்கறியெல்லாம் தானாகவே வெந்திருக்கும். மாஸ்டர் ஓடி வந்து என் வெள்ளை பெல்ட்டை அவிழ்த்து மஞ்சளைக் கட்டினான். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒயர் கூடையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

திரும்பி வருகையில் பஸ்ஸில் நிற்க இடமில்லை. நான் பெண்கள் பக்கம், அவர் பின்னால் படியோரம். எங்கள் தெருமுனை ஸ்டாப்பிங் நெருங்கியது. கண்டக்டர் முன்னால் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் பாட்டு. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி என் வீட்டுக்காரர் “ஹோல்டான்” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். பஸ் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை தலைகளுக்கு மேலாக எட்டி என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லு.”

சொன்னேன். டிரைவர் மிதித்த மிதியில் பஸ்ஸே எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தது.

இறங்கி நடக்கும்போது, பரீட்சை ஒருவழியாக முடிந்துவிட்டது என்றார். ஆமாம் என்றேன். மஞ்சளுக்குப் பிறகு ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன், கறுப்பு என்று இன்னும் நிறைய வண்ணங்கள் இருப்பதை இந்தப் பத்தியைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்ளப் போகிறார்.