அப்பா சிரிக்க வேண்டிய காட்சி

நான் எந்தத் தொடரையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. வேலை முடிந்து சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் கடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து ஏதாவது ஒன்றை ஓட விடுவேன். பிடிக்காத இடத்தைத் தள்ளிவிடுவேன். பேச்சு இழுத்தால் வேகத்தைக் கூட்டிவிடுவேன். பத்துப் பாகம் உள்ள தொடரில் மூன்றாவது பாகத்திலிருந்து நேராகக் கடைசிப் பாகத்துக்குத் தாவி, யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஏன் என்று கேட்க ஆளில்லை. ரிமோட்டுக்குச் சண்டை போடவும் ஆளில்லை. சொல்லப்போனால் என் வீட்டில் ரிமோட்டே கிடையாது. சாப்பிட்டு முடிக்கும் வரை யாராவது எதிரில் பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவை.

கிள்ளானில் தனியாக இருக்கும் என் அம்மா இதற்கு நேரெதிர். ஒரு நாடகத்தைப் போட்டால் முடியும் வரை அணைக்க மாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டார். கதை முடிந்த பிறகும் உட்கார்ந்திருப்பார். ஒளிப்பதிவு, ஒப்பனை, உடை உதவி என்று பெயர்கள் எல்லாம் எறும்பு வரிசை மாதிரி மேலே ஊர்ந்து போய் மறைந்த பிறகுதான் அவர் கை ரிமோட்டைத் தேடும். வளரும் வயதில் எனக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. "உங்களுக்கு டிவிதான் பிள்ளை. நான் சும்மா வாடகைக்கு இருக்கேன்" என்று ஒருமுறை சொல்லியும் இருக்கிறேன். அம்மா பதில் சொல்லவில்லை. பதில் சொல்வது அவர் பழக்கமில்லை.

ஆனால் அவர் எப்போதும் இப்படி இருந்தவர் அல்ல. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, ஒரு நாடகத்தைப் பாதியிலேயே நிறுத்தியவர் அவர்தான். அது அப்பா நடித்த நாடகம்.

அப்பாவுக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. ஆசையெல்லாம் நடிப்பின் மேல். வேலை முடிந்து வந்தால் அவருடைய சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டுவார், பாசாரில் மீன் விற்பவர் மாதிரி கத்திக் காட்டுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். கூட வேலை செய்தவரின் மச்சான் உள்ளூர் டிவி நாடகம் எடுக்கும் ஆட்களிடம் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வழியாக ஒருநாள் அப்பாவுக்கு அழைப்பு வந்தது. அப்பா கிளினிக்குக்குப் போய், இல்லாத காய்ச்சலுக்கு எம்.சி. என்ற மருத்துவச் சான்று வாங்கி, வேலைக்கு விடுப்புப் போட்டார். இதுவும் நடிப்புதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"என்னங்க வேஷம்?" என்று அம்மா கேட்டார்.

"பெரிய குடும்பத்துத் தலைவர். கதையே என்னைச் சுத்திதான் லா."

அம்மா வெள்ளை வேட்டியையும் சட்டையையும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

மாலையில் திரும்பி வந்த அப்பாவின் நெற்றியில் கழுவியும் போகாத திருநீறு இருந்தது. என்னை மட்டும் கூட்டிக்கொண்டு பிளாட்டின் கீழே இருந்த ஊஞ்சல் பக்கம் போனார். அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவருக்குப் பிண வேஷம். கதை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வீட்டுப் பெரியவர் செத்துப் போகிறார். அவரைக் கூடத்தில் கிடத்தி, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அழுகிறார்கள். அங்கேயே சொத்துச் சண்டையும் ஆரம்பமாகிறது. அப்பா சொன்னதில் பொய் ஏதும் இல்லை. கதை அவரைச் சுற்றித்தான் நடந்தது.

"வசனம் என்னப்பா?" என்றேன்.

"வசனமே இல்ல. அதான் கஷ்டம்."

மூக்கில் வைத்த பஞ்சால் இரண்டு தடவை தும்மிவிட்டாராம். நெஞ்சில் விழுந்து அழுத அம்மணி முதல் தும்மலுக்கு அலறிவிட்டாராம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது கடைசிப் பகுதி. எல்லாம் எடுத்து முடித்ததும் டைரக்டர் கேமராவை ஓட விட்டபடியே, "அண்ணே, எழுந்து உக்காந்து இங்க பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிடுங்க" என்றாராம். செத்தவராக நடித்தவர் எழுந்து சிரித்துவிட வேண்டும். அதுதான் முறை. சிரித்தால் தோஷம் கழிந்துவிடும். அப்பா எப்படிச் சிரித்தார் என்று எனக்குச் சிரித்துக் காட்டினார். எல்லாப் பல்லும் தெரிந்தது.

இரண்டு மாதம் அந்த ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற திமிரில் சாதாரணமாகச் சாப்பிடக்கூட முடியவில்லை.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் டிவி ஓடினால் பக்கத்து வீடும் பார்க்கும். அன்று எங்கள் மாடியே எங்கள் வீட்டில் இருந்தது. வாசலில் செருப்பு விட இடமில்லை. காப்பாரிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பேருந்து பிடித்து வந்திருந்தார். அம்மா காலையிலிருந்து கறிபாப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார். அப்பா புதுச் சட்டை போட்டு, இருந்த ஒரே நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். யாரும் அலைவரிசையை மாற்றிவிடக் கூடாது என்று நான் ரிமோட்டைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆகியும் அப்பா வரவில்லை.

"எங்கடா தம்பி, உன்னைக் காணோம்?" என்றார் அத்தை.

"வரும் லா அக்கா, பொறு."

விளம்பரம் போட்டார்கள். அம்மா இன்னொரு தட்டுக் கறிபாப் எடுத்துவர உள்ளே போனார். விளம்பரம் முடிந்தது. ஒரு பெரிய வீட்டுக் கூடம் வந்தது. தலைமாட்டில் விளக்கு எரிந்தது. வாய்க்கட்டு கட்டி, நெற்றியில் காசு வைத்து, கழுத்தில் மாலையோடு அப்பா படுத்திருந்தார். கேமரா அவர் முகத்துக்குக் கிட்டே போய் அங்கேயே நின்றது. ஒரு பெண் அவர் மேல் விழுந்து, "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று கதறினாள். அவள் விலகியபோது அப்பாவின் வயிறு லேசாக ஏறி இறங்கியதை நான் பார்த்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

அத்தை "ஐயோ" என்று வாயில் அடித்துக்கொண்டார். அடுப்படி வாசலில் அம்மா தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. தட்டைக் கீழே வைத்தார். உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிச் சுவர் பக்கம் போனார். ரிமோட் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அப்பா இருட்டாகிப் போனார்.

"போடுங்கம்மா! அப்பா இப்ப எழுந்து சிரிப்பாரு! சிரிக்கணும்மா!" என்று கத்தினேன். யாரும் என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"நடிப்புதான லா. அதுக்குத்தான் கடைசியில அவங்க..." என்று அப்பா ஆரம்பித்தார். அத்தை அவரைப் பேச விடவில்லை. உப்பும் மிளகாயும் கொண்டுவரச் சொல்லி மூன்று முறை சுற்றிப் போட்டார். அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"யாரக் கேட்டுப் போயி அப்படிப் படுத்தீங்க?" அதை மட்டும்தான் கேட்டார். பிறகு அவர் கையில் துண்டைக் கொடுத்துத் தலை முழுகச் சொன்னார்.

கறிபாப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். அப்பா வெகுநேரம் குளித்தார். வெளியே வந்து ஈரத் தலையோடு அதே நாற்காலியில், ஓடாத டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"நல்லா இருந்துச்சா, மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வயிறு ஆடுச்சுப்பா."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "மூச்சப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். அவருடைய முதலும் கடைசியுமான நடிப்புக்குக் கிடைத்த விமர்சனம் அந்த ஒன்றுதான். நல்லா இருந்துச்சுப்பா என்று சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை. எனக்கு வேறு கவலை. அவர் சிரித்தது சரி, ஆனால் அது டிவியில் வரவில்லையே. படுத்தது மட்டும் எல்லாருக்கும் தெரிந்து, எழுந்தது யாருக்கும் தெரியாமல் போனால் தோஷம் எப்படிக் கழியும்? இதை அப்பாவிடம் கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாள் வேலையிலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போன அப்பாவை மறுநாள் காலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாற்காலியை வெளியே எடுத்துவிட்டு, டிவியை ஒரு பாத்தேக் கைலியால் மூடி, கூடத்தில் அவரைக் கிடத்தினார்கள். விளக்கும் வாய்க்கட்டும் நெற்றிக் காசும் இருந்தன. வேட்டிகூட அம்மா அன்று இஸ்திரி போட்டுக் கொடுத்த அதே வேட்டிதான். எனக்குப் பதினொரு வயது. செத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அப்பாவை எடுக்கும் நேரம் வந்தது. எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவ்வளவு பேருக்கு நடுவில் அம்மாவைப் பார்த்து, "அப்பா எழுந்து சிரிக்கிறதுக்குள்ள நீங்கதான் புடுங்கிட்டீங்க" என்றேன். அத்தை என் வாயைப் பொத்தினார். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வளர வளர எனக்கே விஷயம் விளங்கியது. அந்தச் சிரிப்பை டிவியில் காட்ட மாட்டார்கள். அது நாடகம் எடுக்கும் இடத்திலேயே முடிந்துபோகிற சமாச்சாரம். எனக்குப் புரிந்ததோடு சரி. அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அந்த நாடகத்தையும் எந்தெந்தச் செயலியிலோ தேடிப் பார்த்துவிட்டேன். எங்கும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போயிருந்தேன். அம்மா பழைய தொடர் ஒன்றை மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு மாமனார் செத்துப்போய்க் கூடத்தில் கிடந்தார். வெளியே நல்ல மழை. திடீரென்று படம் கட்டம் கட்டமாக உடைந்து, சமிக்ஞை இல்லை என்று எழுத்து வந்துவிட்டது. மழை பெய்தால் இங்கே எப்போதும் நடப்பதுதான். நான் சாப்பாடு போடலாமா என்று கேட்டேன். அம்மா எழுந்து போய் டிகோடரைத் தட்டினார். ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். மறுபடியும் வந்து தட்டினார்.

"உன் போன்ல வருமா, மா?" என்றார். கைப்பேசியில் நாடகம் பார்ப்பவர்களைக் கண்டாலே பிடிக்காதவர் அவர்.

தேடி எடுத்துக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் கடைசிக்குத் தள்ளப் போனேன். "ஓட்டாத" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி என்னம்மா அவசரம்? நாளைக்கு மறுபடியும் போடுவாங்க."

"செத்த சீன்ல நிறுத்தக் கூடாதுமா. நீதான சொன்ன."

விரலை இழுத்துக்கொண்டேன். பிறகு, சிரிப்பது டிவியில் வராது, எடுத்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள் என்று சொன்னேன். "அப்பா அன்னைக்கே சிரிச்சிட்டாரும்மா. எங்கிட்ட சிரிச்சுக் காட்டினாரு. எல்லாப் பல்லும் தெரிஞ்சுது."

அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்படியா" என்றார். பிறகு கைப்பேசியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இருந்தாலும் முடியட்டும். அந்தாளு வீட்லயும் புள்ளைங்க இருக்கும்ல."

அவர் தோளை ஒட்டி உட்கார்ந்து, அந்தச் சின்னத் திரையில் கடைசிப் பெயர் வரை நானும் பார்த்தேன். பதினொரு வயதில் நான் சொன்னதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. அதனால் அது அவர் காதில் விழவில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.