மரகதம் அக்கா வாசித்த துக்கங்கள்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, என் நாவலை அச்சுக்கு அனுப்பலாம் என்று பதிப்பாளர் செல்வம் அண்ணனுக்குக் கைபேசியில் செய்தி அனுப்பியதுதான். பல் துலக்கும் முன்பே அனுப்பிவிட்டேன். இன்னொரு முறை யோசித்தால் தள்ளிப்போடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். பிறகு காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது, விளாங்குடியிலிருந்து மரகதம் அக்காவின் கணவர் பாண்டியண்ணன் அழைத்தார். "தாயி, ஒங்க அக்கா போயிட்டாம்மா" என்றார். அவர் வைத்த பிறகும் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். பழங்காநத்தத்தில் எங்கள் பதிப்பகத்தின் மாடியறையில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது அவர் மேசை. வருகிற கைப்பிரதிகளை முதலில் படிப்பதும், அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவதும் அவர் வேலை. எதிர் மேசையில் உட்கார்ந்து பக்கங்களை வடிவமைப்பவள் நான். பதினொரு மணித் தேநீர் வந்ததும் அக்கா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, எல்லோர் முன்னாலும் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார். புதிதாக வந்தவர் யாராவது, "என்ன மாத்திரக்கா, பிரஷரா?" என்று கேட்பதுண்டு.

"பிரஷரு நம்ம ஓனருக்கு. நாந்தேன் குடுக்குறேன். இது மனசுக்கு."

கேட்டவர் சட்டென்று தேநீர் தம்ளருக்குள் பார்வையை இறக்கிக்கொள்வார். அக்கா அவருக்கு வடையைத் தள்ளி வைப்பார்.

கொஞ்ச காலமாக எங்களிடம் வரும் நாவல்களில் மனநோயும் துக்கமும் அதிகம். முன்பு 'பைத்தியம்' என்ற ஒரு சொல்லோடு தெருமுனையில் நிறுத்திவிட்டுப் போன மனிதர்களை, இப்போது எழுதுகிறவர்கள் வீட்டுக்குள் கூட்டிவருகிறார்கள். அதில் அக்காவுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எளிதில் திருப்திப்பட மாட்டார்.

"வரிசையா மூணு நாவலு படிச்சிட்டேன். மனசு சரியில்லாதவ வந்தாலே மழ பேஞ்சிருது. எனக்குச் சித்திரையிலதேன் வந்துச்சு. ஊரே அழகரப் பாக்க ஆத்துக்குப் போயிருச்சு. நான் அம்புட்டு வெயில்ல போர்வையப் போத்திக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன். அத யாரும் எழுதக் காணோம்."

நாவல்களில் வரும் மருத்துவர்கள் மீதும் அவருக்கு வருத்தம் இருந்தது. கதைக்குள் ஒரு மருத்துவர் ஒரே அமர்வில் பேசிப் பேசி, சிறு வயதுக் காயம் ஒன்றைத் தோண்டி எடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும். "என் டாக்டரு தூக்கம் எப்படி இருக்கு, பசி எப்படி இருக்குன்னு கேப்பாரு. அதுக்குள்ள அடுத்த ஆளு கதவத் தொறந்துருவாக" என்பார்.

துயரப்படும் பெண் ஜன்னலருகே நின்று வெளியே பார்க்கும் பக்கங்கள் வந்தால், அவர் ஓரத்தில் பென்சிலால் எழுதுவது ஒரே கேள்விதான்: 'சாப்பிட்டாளா?' எழுத்தாளர்கள் சிலர் கோபப்பட்டார்கள். இது இலக்கியத்துக்கு என்ன கேள்வி என்று செல்வம் அண்ணனிடம் முறையிட்டவர்களும் உண்டு. பதில் எழுத முயன்ற சிலருக்கு அந்த இடத்தில் புதிதாக ஒரு பக்கம் கிடைத்தது. யார் சமைத்தது, யார் தட்டை எடுத்துவந்தது, அவள் ஏன் அதைத் தொடவில்லை என்றெல்லாம் அவர்கள் எழுதவேண்டியதாயிற்று.

என் அம்மா இறந்தபோது அக்கா வந்திருந்தார். நம் பக்கத்தில் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க வருகிறவர்கள், உட்கார்ந்ததும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் நாம் முதலிலிருந்து சொல்லவேண்டும். மாலைக்குள் அது மனப்பாடமாகிவிடும்; சொல்லும்போது அழுகைகூட வராது. அக்கா அன்று எதுவும் கேட்கவில்லை. காபித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வாரேன்த்தா" என்று போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் போட்ட தோசையைச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஊருக்குச் சொன்ன. இப்ப எனக்குச் சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு."

அன்றுதான் நான் அழுதேன்.

என் நாவலையும் அக்காதான் படித்தார். தங்கம் என்ற பெண் குழந்தையைப் பறிகொடுக்கிறாள், மனம் பேதலிக்கிறது, கடைசி அத்தியாயத்தில் கிணற்றில் முடிந்துபோகிறாள். படித்துவிட்டு அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏத்தா, இவளையும் கெணத்துல போட்டுட்டியா?"

"கதைக்கு அதுதான்க்கா நியாயம். அம்புட்டுப் பாடு பட்டவ அதுக்கு மேல எப்படி இருப்பா?"

"நான் இருக்கேன்ல."

அவ்வளவுதான் சொன்னார். தேநீர் வந்தது. மாத்திரையைப் பிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அக்காவின் வாழ்க்கை வேறு, தங்கத்தின் கதை வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த முடிவில் ஒரு கம்பீரம் இருப்பதாகவும் நம்பினேன். செய்தி அனுப்பிய காலையிலும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் விளாங்குடி போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாண்டியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாசல் தெளிச்சிட்டு உள்ள வந்தா. நெஞ்ச அடைக்குதுங்கன்னா. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

உறவுக்காரப் பெண் ஒருத்தி அவர் பக்கம் குனிந்து கேட்டாள். "தப்பா எடுத்துக்கிறாதீக அண்ணே. மனசுக்கு மாத்திர சாப்பிடுறவளாச்சே. எதுவும் பண்ணிக்கிட்டாளா?"

அண்ணன் அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். இம்முறை தொடக்கம் வேறாக இருந்தது. "மனசுக்கு மாத்திர சாப்பிட்டா. ஒழுங்காச் சாப்பிட்டா. நேத்தும் சாப்பிட்டா. இது நெஞ்சு." அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும், கேட்காதவர்களுக்கும்கூட, அவர் அங்கிருந்துதான் தொடங்கினார்.

நான் சுவரோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. அவள் கண்ணிலும் நீர் இருந்தது. அக்காவைப் போன்ற ஒருத்திக்கு வேறு எந்த முடிவையும் அவள் கேள்விப்பட்டதில்லை, அவ்வளவுதான். சினிமாவும் தொடர்களும் நாவல்களும் அவளுக்கு ஒரே முடிவைத்தான் கொடுத்திருக்கின்றன. அந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்க்கச் சொல்லித்தான் அன்று காலையில் நான் செய்தி அனுப்பியிருந்தேன். எத்தனையோ சித்திரைகளை ஒவ்வொரு நாளாகக் கடந்துவந்த ஒரு மனுஷியை, இறந்த சில மணி நேரத்தில் நம் ஊர் மறுபடியும் கிணற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறது. அவளுடைய கணவன் அங்கிருந்து அவளைத் திருப்பி அழைத்துவரவேண்டியிருக்கிறது, ஒவ்வொரு நாற்காலியாக.

புறப்படும்போது செல்வம் அண்ணன், "மெசேஜப் பாத்தேம்மா. காரியம் முடியட்டும், அச்சுக்கு விட்டுருவோம்" என்றார். நான் தலையாட்டினேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பென்சில் கேள்வியைத்தான். துட்டி கேட்க வருகிறவர்கள் ஓய்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாங்குடிக்குப் போய்ப் பாண்டியண்ணனிடம், "மொதல்ல இருந்து சொல்லுங்கண்ணே" என்று கேட்கவும் வேண்டும். அன்று அவருக்குப் பிடித்த இடத்திலிருந்து அவர் தொடங்கட்டும்.

இன்னொன்றை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. செல்வம் அண்ணனுக்கே இதைப் படிக்கும்போதுதான் தெரியவரும். கடைசி அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறேன். தங்கம் கிணற்றுக்குப் போகமாட்டாள். அவளுக்குக் குணமாகியிருக்காது, குழந்தையின் சட்டை கொடியில்தான் கிடக்கும். வெயில் நன்றாக ஏறிய பிறகு போர்வையை விலக்கிவிட்டு எழுந்திருப்பாள். பானையில் கிடக்கும் நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்து, நின்றபடியே சாப்பிடுவாள்.