குளிர் ரூமில் அடித்த காய்ச்சல்

1. மங்கி குல்லா

கோவில்பட்டிக்குப் பக்கத்தில், மிளகாய் மூடை அடுக்கி வைக்கிற கோல்டு ஸ்டோரேஜ் ஒன்றில் நான் சூப்பர்வைசர். வெளியே கரிசல் வெடித்துக் கிடக்கும். நான் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக டீக்கடைக்குப் போவேன். கடைக்காரர் முதல் வாரம், “அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு என்ன?” என்று கேட்டார். அடுத்த வாரம் கேட்கவில்லை. அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் போல.

உள்ளே ஏழு டிகிரி. முதல் நாள் வெளியே வந்து பைப்பில் கை கழுவினேன், சுட்டது. “யாருவே டேங்க்ல வெந்நிய ஊத்துனது?” என்று சத்தம் போட்டேன். பிறகு ஒரு புத்தகத்தைப் புரட்டியதில், தோல் தெர்மாமீட்டர் இல்லை, தன்னைவிடச் சூடா குளிரா என்று மட்டும்தான் சொல்லும் என்று தெரிந்தது. ஆனால் எங்கள் ஊர் டேங்க் தண்ணீர் நிஜமாகவே சுடும். அன்று தப்பு கையிலா தண்ணீரிலா என்று இன்றுவரை தெரியாது.

இவ்வளவு படித்தவன்தான் அடுத்து வரும் காரியத்தைச் செய்தேன்.

2. ஈரமும் தூசியும்

அன்று விளாத்திகுளத்திலிருந்து ஒரு லோடு. எங்கள் லோடுமேன் கருப்பசாமி வெயிலில் மூடை இறக்கிவிட்டு, வேர்வை சொட்டச் சொட்ட உள்ளே போனான். மேலே தொங்குகிற கூலருக்கு அடியில் தண்ணீர் பிடிக்கிற டிரே அடைத்திருந்தது. அதைக் கிளறிவிட்டான். ஐஸ் தண்ணீர் மொத்தமும் அவன் தலையில்.

“ஏலே, வெளிய போயி துணிய மாத்து.”

“எதுக்கு அண்ணாச்சி? மேலெல்லாம் திகுதிகுன்னு எரியுது. குளுரே தெரியல.”

ஈர உடம்பில் மிளகாய்த் தூசி. உள்ளே போகும்போது மாட்டிய ஸ்வெட்டரையும் கழற்றி எறிந்தான். சூட்டைச் சொல்லும் நரம்பையே மிளகாயும் கிள்ளிவிடும் என்று படித்திருந்தேன். மிளகாயே கம்பளியாகிவிட்டதே என்று ரசித்துவிட்டு அடுத்த சேம்பருக்கு மூடை எண்ணப் போய்விட்டேன். நரம்பு ஏமாந்தால் உடம்பும் சூடாகிவிடுமா என்று யோசிக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இன்னொரு லோடுமேன் மாடசாமி வந்து கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, இவம் ஒரு மாதிரி கொளறுதான். அங்கன வைன்னா இங்கன வைக்கான்.”

போனேன். கருப்பசாமி மூடை மேல் உட்கார்ந்து, “வெக்கையா... இருக்கு” என்றான், நாக்குத் தடிக்க. நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

“காய்ச்சல்லா அடிக்கு.”

மாடசாமியும் தொட்டுப் பார்த்து, “ஆமா, நல்ல காய்ச்சல்” என்றான்.

வராண்டாவுக்குத் தூக்கி வந்தோம். டேபிள் ஃபேனைப் போடச் சொன்னேன். துண்டை நனைத்துக்கொண்டு வந்தேன்.

3. டிரைவருக்குக் காய்ச்சல்

லோடு கொண்டுவந்த லாரியின் கேபினில் படுத்திருந்த டிரைவர் இறங்கி வந்து கருப்பசாமி கழுத்தில் கை வைத்தார்.

“என்னத்தக் காய்ச்சலு? ஐஸா இருக்காரு.”

“நாங்க ரெண்டு பேரு தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுதோம்.”

“நீங்க பத்து பேரு சொன்னாலும் ஐஸு ஐஸுதானவே.”

கையில் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல் என்றால் அதைப் போட வேண்டும். குளிர் என்றால் அந்த ஒரு துண்டே அவனை முடித்துவிடலாம். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஓடாததால், டிரைவர் கழுத்தில் கை வைத்தேன்.

“எனக்கு என்னவே? கைய எடும்,” என்று நெளிந்தார்.

கருப்பசாமியைவிட டிரைவருக்குப் பயங்கரமாகக் கொதித்தது. ஒன்று, டிரைவர் சாகக் கிடக்க வேண்டும். இல்லையென்றால், காலையிலிருந்து ஏழு டிகிரியில் கிடந்த என் கை பொய் சொல்ல வேண்டும். டிரைவர் என்னைத் திட்டிய தெம்பைப் பார்த்து இரண்டாவதை நம்பினேன்.

ஃபேனை நிறுத்தினோம். ஈரத் துணியை உருவி, துடைத்து, டிரைவரின் கைலியும் போர்வையும் சுற்றி, மேலே காய்ந்த சாக்கைப் போட்டோம். ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அதுவரை சும்மா கிடந்தவனுக்கு அப்போது பார்த்து உடம்பு தூக்கிப் போட்டது. பல் கிட்டியது.

“ஜன்னி இழுக்கு அண்ணாச்சி,” என்று மாடசாமி அழ ஆரம்பித்தான். டிரைவர் தன் போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “நடுக்கம் வந்தது நல்லதுங்க. ஒடம்பு தானா சூடு உண்டாக்கப் பாக்குது. நடுங்காம, வெக்கைன்னு ஒளறுனாத்தான் பயப்படணும்.”

பயப்பட வேண்டிய நேரத்தில் ரசித்திருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் குலதெய்வத்துக்கு நேர்ந்திருக்கிறேன்.

4. தம்பிகளுக்கு

கருப்பசாமி வேலைக்குத் திரும்பிவிட்டான். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஈரத் துணியோடு உள்ளே போகாதீர்கள். அடிக்கடி வெளியே வாருங்கள். ஒருவனைத் தொட்டுப் பார்ப்பதென்றால் வெளியே இருந்தவர் தொடட்டும், துணிக்குள் கைவிட்டு வயிற்றில். உள்ளே இருந்தவன் கையை நம்பாதீர்கள், முக்கியமாக என் கையை.

இப்போதெல்லாம் மூடைகளுக்கு நடுவே நடந்துகொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்பேன்.

“ஏலே, குளுருதா?”

“குளுருது அண்ணாச்சி, கை வெறைக்கு,” என்று முனகினால் நிம்மதி. இன்னும் கொஞ்ச நேரம் விடலாம்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு,” என்று எவனாவது சிரித்தால், அவன் கையைப் பிடித்து வெயிலுக்குக் கூட்டி வந்துவிடுகிறேன்.