அத்தை ஏறினால் உரசும் கார்

மதுரைக்கு நாங்கள் போனது வெள்ளை நிறத்தில் ஒரு குடும்பக் காரைப் பார்க்க. என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். அவருக்குக் கார் ஓட்டப் பயம். நான் சாத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓட்டப்போவது நான் என்பதால் முடிவு செய்வதும் நான்தான் என்று வீட்டில் ஏற்கெனவே பேசியிருந்தோம். வெள்ளைக் காரை விற்க இருந்தவரின் தம்பி வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனுடைய காரும் அதே வாசலில் நின்றது. சிவப்பு. சின்னக் கார்தான், ஆனால் டர்போ எஞ்சின். பாய்வதற்கு முன் பூனை பதுங்குமே, அப்படித் தரையோடு ஒட்டி நின்றது.

“சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கக்கா” என்றான்.

ரிங் ரோட்டில் ஒரு வளைவு வந்தது. நான் அதுவரை ஓட்டிய கார்களெல்லாம் அந்த மாதிரி இடத்தில் ஒரு பக்கமாகச் சாயும். இது சாயவில்லை. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினேனோ அவ்வளவு திரும்பியது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கணவர் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. வாசலுக்குத் திரும்பி வந்ததும், “உன் மூஞ்சியப் பாத்தேன். இனி அந்த வெள்ளைக் காரைப் பாக்குறது வீண்” என்றார்.

அப்படித்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

சாத்தூர் வந்த பிறகுதான் அந்தப் பையன் செய்து வைத்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி வேறு ஸ்பிரிங் போட்டு, காரை நன்றாக இறக்கியிருந்தான். சக்கரங்கள் பார்வையாகத் தெரியட்டும் என்று அகலமான டயர் மாட்டி, சக்கரத்துக்கு உள்ளே ஒரு தகடும் வைத்து அவற்றை வெளியே தள்ளியிருந்தான். மதுரை ரோட்டுக்கு அது சரி. எங்கள் தெருவிலோ யாரோ தங்கள் வீட்டு வாசலுக்கு என்று சொந்தமாகக் கட்டிய வேகத்தடை இருந்தது. கார் முதல் நாளே அதில் வயிற்றைத் தேய்த்தது. அதன் பிறகு ஒவ்வொரு வேகத்தடையையும் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கப் பழகினேன். பின்னால் பைக்கில் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

உண்மையான சிக்கல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. என் மாமியார் அச்சங்குளத்தில் முப்பது வருடம் டீச்சராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆராதனைக்கு அந்த ஊர் சர்ச்சுக்குத்தான் போவார். நல்ல உயரம், நல்ல கனம். முன் சீட்டு அவருக்குப் பிடிக்காது. எனக்கு நேர் பின்னால்தான் உட்காருவார். அவர் ஏறிய முதல் ஞாயிறு, ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பின்பக்கம் வலதுபுறத்திலிருந்து ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரத்தில் ரப்பர் கருகும் வாடை.

“என்ன சத்தம் அது?” என்றார் அத்தை.

“ரோடு சரியில்ல அத்தை.”

அடுத்த பள்ளத்திலும் அதே சத்தம். ரோட்டின் மேலேயே மறுபடி பழியைப் போட்டேன். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் டயரின் ஓரம் பளபளவென்று தேய்ந்திருந்தது. நான் தனியாகப் போனால் சத்தம் இல்லை. கணவரோடு போனாலும் இல்லை. அத்தை ஏறினால் மட்டும் உரசியது. இதை எந்த மருமகள் மாமியாரிடம் போய்ச் சொல்வாள்? ஐந்தாறு வாரம் எல்லா ரோட்டையும் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து, பிறந்த குழந்தைகளின் தலையை அளக்கிற டேப் ஒன்று என் பையோடு வந்துவிட்டது. அதைக் கொண்டு சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை அளந்தேன். முப்பத்து மூன்றரை சென்டிமீட்டர். அன்று காலை பிறந்த ஒரு குழந்தையின் தலைச் சுற்றளவும் அதேதான். குழந்தைக்கு அது சரியான அளவு. காருக்குப் போதாது.

ஹைவே சர்வீஸ் ரோட்டில் ஒரு வீல் அலைன்மென்ட் கடை இருக்கிறது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் காரைக் கொண்டு போனேன். அத்தை பேருந்து நிலையத்துப் பக்கம் காய்கறி வாங்க வேண்டும் என்று கூடவே வந்தவர், கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கடைக்காரர் காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சிஸ்டர், இது எப்பவும் உரசுதா, ஆள் ஏறினா உரசுதா?”

நான் பைக்குள் எதையோ தேடினேன்.

“நான் ஏறினா உரசுது” என்றார் அத்தை நாற்காலியில் இருந்தபடி.

பையிலிருந்து தலையை நிமிர்த்தினேன். “அத்தை, உங்களுக்கு…”

“நான் ஊருக்குப் போயிருந்த வாரம் சத்தமே வரலையாம். எம் மகன் சொன்னான். எனக்குக் கணக்குத் தெரியாதா? முப்பது வருசம் அதைத்தானே சொல்லிக் குடுத்தேன்.” அவர் முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். “அம்புட்டு ரோட்டையும் ஏம்மா திட்டுன? பாவம், அது என்ன செய்யும்.”

கடைக்காரர் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வாரமும் மனதுக்குள் இருந்த கல் அப்படியே இறங்கிப்போனது.

பிறகு கடைக்காரர் காரியத்துக்கு வந்தார். தகடுகளை எடுத்துவிடலாம், சக்கரம் உள்ளே போகும். டயரை ஒரு அளவு குறைக்கலாம். உயரத்தை ஏற்றலாம்.

“பழைய உயரத்துக்கே கொண்டுபோயிட்டா பிரச்சனையே இல்ல சிஸ்டர்.”

“வளைவுல சாயுமா?”

“கொஞ்சம் சாயத்தான் செய்யும்.”

“அப்ப வேண்டாம். எம்புட்டு ஏத்தினா போதுமோ அம்புட்டு மட்டும் ஏத்துங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது என்று நினைத்துக்கொள்வேன். காரைத் தூக்கி, நான்கு சக்கரத்தையும் கழற்றி, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையங்களை ஒரே அளவாக ஒன்றரை சென்டிமீட்டர் மேலே திருகினார். தகடுகள் வெளியே வந்தன. புது டயர் ஏறியது. அளந்தால் முப்பத்தைந்து. பின்பக்கம் டயருக்கு மேலே இருக்கும் தகரத்தின் உள் ஓரத்தில் சாக்பீஸால் வெள்ளையாகப் பூசினார். உரசினால் அந்த இடத்தில் சாக் அழிந்திருக்கும். இனி முழு லோடு ஏற்றிப் பார்க்க வேண்டும்.

“பின்னால மூணு பேர் வேணும்” என்றார்.

அத்தை எழுந்தார். “ஒண்ணு நான். நான் இல்லாம என்ன டெஸ்ட்டு?”

மற்ற இரண்டு பேருக்கு நாங்கள் தேட வேண்டியிருக்கவில்லை. அச்சங்குளம் பக்கம் போகிற பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று பஞ்சராகி அரை மணிக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை என்பதால் இரண்டையும் ஒட்ட வேண்டியிருந்தது. வேலை முடிந்து திரும்பிய பெண்கள் பத்துப் பேர் இறங்கி, டீயைக் குடித்தபடி எங்களைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளி சீசன். அவர்கள் கைகளிலும் முழங்கையிலும் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து ஒட்டி மினுங்கியது. அவர்களில் ஒருத்தி அத்தையையே உற்றுப் பார்த்தபடி முன்னால் வந்தாள்.

“டீச்சர், என்னைத் தெரியுதா? மூணாம் வகுப்புல கடைசி பெஞ்சு.”

அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஏ பிள்ள, ஏழாம் வாய்ப்பாட்டுல எப்பவும் நிப்பியே, நீதானே?”

“இப்பவும் அங்கனதான் நிக்கேன் டீச்சர்.”

வேனைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். காரில் ஏறச் சொன்னதும் அவள் தயங்கினாள். “சீட்டு அழுக்காயிருமே நர்சம்மா. மேலெல்லாம் மருந்து.” நான் பின்பெட்டியில் இருந்த பெட்ஷீட்டை எடுத்து சீட்டில் விரித்தேன். அவளும் அவள் தோழியும் ஏறினார்கள். அத்தை தன் வழக்கமான இடத்தில். கடைக்காரர் முன்னால், காதைத் தீட்டிக்கொண்டு.

சர்வீஸ் ரோட்டு முனையில் ஒரு பெரிய வேகத்தடை. முதல் முறையாக நேராக ஏறினேன். வயிறு தேயவில்லை. இறங்கும்போது பின்னால் மெல்லிதாக ஒரு ‘சர்’.

“உரசுது” என்றார்கள் பின்னால் மூவரும் ஒரே குரலில்.

திரும்பி வந்து பார்த்தால் வலதுபுறம் ஒரு விரல் நீளத்துக்கு சாக் அழிந்திருந்தது. பின்பக்கம் இரண்டையும் இன்னும் அரை சென்டிமீட்டர் ஏற்றினார். அதற்குள் மற்றப் பெண்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். டயர் எவ்வளவு உள்ளே போனது, சாக் எங்கே அழிந்தது என்று ஆளாளுக்குக் குனிந்து பார்த்தார்கள். “பின்னாடி ஏத்திட்டீக, முன்னாடி குனிஞ்சுக்கிட்டுப் போகாதா?” என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி என்றார் கடைக்காரர். ஆள் ஏறினால் பின்பக்கம் இறங்கிச் சமமாகிவிடும் என்று அவளுக்கு விளக்கினார். முன்சக்கரங்களின் நேரை மட்டும் அங்கேயே சரிபார்த்துவிட்டு, அழிந்த இடத்தில் மறுபடி சாக் பூசினார்.

மறுபடி அதே வேகத்தடை. ஏறினோம், இறங்கினோம். எல்லாரும் மூச்சை அடக்கியிருந்தார்கள். எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தோம். சாக் பூசியது பூசியபடி இருந்தது. அத்தை இரண்டு கையையும் தட்டினார். வேன் பக்கமிருந்தும் கைதட்டல் வந்தது.

“நர்சம்மா, இதை ஒருக்கா நல்லா ஓட்டிக் காட்டுங்களேன்” என்றாள் அந்தக் கடைசி பெஞ்சுக்காரி.

கடைக்காரர் கடையிலேயே நின்றுகொண்டார். ஹைவேயில் ஏறி, வைப்பாற்றுப் பாலம் தாண்டி, ஊருக்குள் பிரியும் அந்த நீளமான வளைவில் திருப்பினேன். பயமாக இருந்தது, மதுரையில் கிடைத்த அந்த உணர்வு எங்கே போய்விட்டிருக்குமோ என்று. போகவில்லை. கார் ஒரு நூல் சாய்ந்தது, பிறகு உறுதியாகப் பிடித்துக்கொண்டு திரும்பியது. மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, சிரித்து, நிமிர்ந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அத்தையின் கொண்டை அவிழ்ந்திருந்தது. அதைக் கட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“இன்னொரு சுத்து போகலாமா?” என்றார். கேட்டது அத்தைதான்.

போனோம். திரும்பியபோது வேன் தயாராக நின்றது. இரண்டு பெண்களும் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்க, “இங்கனயே இருங்க, ஊருல இறக்கி விடுறோம்” என்று அத்தையே சொல்லிவிட்டார். வேன் முன்னால் போக நாங்கள் பின்னால் போனோம். இரண்டு பக்கமும் கரிசல் காடு, தூரத்தில் பட்டாசுக் கம்பெனிகளின் தனித்தனி அறைகள், மேற்கே சிவந்த வானம். வேனின் பின் கண்ணாடி வழியாக மற்றப் பெண்கள் கையாட்டிக்கொண்டே வந்தார்கள். அச்சங்குளம் வரை ஒரு பள்ளத்தையும் நான் ஒதுக்கவில்லை.

ஊர் முகப்பில் அவர்கள் இறங்கினார்கள். “டீச்சர், வீட்டுக்கு வந்துட்டுப் போங்க” என்று கையைப் பிடித்து இழுத்தாள் பழைய மாணவி. அவள் வீட்டில் கடுங்காப்பி குடித்தோம். அவள் மகள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள் என்பதைக் கேட்டதும் அத்தை எழுந்து போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தை முதல் முறையாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டத் தெரியவில்லை, நான் மாட்டிவிட்டேன். பாதி வழி தாண்டினோம். பிறகு, “ரெண்டாவது சுத்துல கொஞ்சம் மெதுவாத்தான போன?” என்று கேட்டார்.

“ஆமா அத்தை.”

“எனக்குத் தெரிஞ்சிச்சு. எனக்காக ஒண்ணும் மெதுவாப் போக வேண்டாம்” என்றார்.