உளுவைக் குழம்பு

எங்க அம்மை ராகேலுக்குக் கோவம் வந்தா ராஜாக்கமங்கலத்துத் தென்னைகூட ஒதுங்கி நிக்கும்னு சொல்லுவாவ. சொல்லட்டும். அந்தக் கோவம் இல்லேன்னா நான் இன்னைக்கும் அடுக்களை மூலையிலதான் கிடந்திருப்பேன்.

1930ல ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் ரெண்டு காலையும் கொண்டு போச்சு. நெய்யூர் ஆசுபத்திரியில, "உசிரு தப்பினதே பெரிசு, இதுக்கு மருந்து இல்ல"ன்னு நேரே சொல்லிட்டாவ.

அப்பாவுக்க அக்கா பூங்கனி மாமி விடுவாளா? "தண்ணிய விட்டு ஏறி நடக்குத மீனு உளுவை. அதைக் குழம்பு வச்சுக் குடு, நடக்காத பிள்ளையும் நடக்கும்"னா. ஊரே தலையாட்டிச்சு. வேதக்கோயிலுக்குப் போறவளும் ஆட்டினா, அய்யாவழிக்காரியும் ஆட்டினா. கூறுகெட்ட சனம்!

போதாததுக்குப் பள்ளிக்கூடத்துத் தங்கையன் வாத்தியார் வேற. அம்மை என்னை இடுப்புல வச்சுக்கிட்டுப் போய்ச் சேக்கச் சொன்னா. "தூக்கிட்டு வார பிள்ளையை இங்க யாரு பாப்பா? சொந்தமா படி ஏறட்டும், பேரை எழுதுதேன்"னு திருப்பி அனுப்பினாரு.

அன்னையிலருந்து அம்மை, ஆறு கடல்ல சேருத பொழிக்கரைச் சேத்துல இறங்கினா. கடல் வத்தும்போது சேறு தெரியும், சேறு பூரா வளை. வளைக்குள்ள கையை விட்டுத் தடவிப் பிடிக்கணும். நண்டு கடிச்சு அவ விரலெல்லாம் புண்ணு. குழம்போ ஒரே சேத்து நாத்தம். நான் வாயை மூடினா மூக்கைப் பிடிச்சு ஊத்துவா. "குடிட்டி! பள்ளிக்கூடம் போணுமா வேண்டாமா?"

ஒருநாள் வீட்டுல ஆளில்லை. என்னையும் தூக்கிட்டுப் போய்க் கரையில இருத்தினா. அன்னைக்குத்தான் நான் உசிரோட உளுவையைப் பாத்தேன். விரல் நீளம் இருக்கும். தவளைக்கு மாதிரி தலை உச்சியில கண்ணு. கன்னத்துல தண்ணிய அடக்கிக்கிட்டுத்தான் மேல ஏறும், தோலு காஞ்சா சேத்துல ஒரு புரளு புரளும். இன்னொருத்தன் வளைப் பக்கம் வந்துட்டா போதும், முதுகுச் சிறகை விரிச்சு, வாயைப் பொளந்து சண்டைக்கு நிக்கும். அப்படியே எங்க அம்மை!

அது போற விதத்தைப் பாத்தேன். முன்னால இருக்க ரெண்டு சிறகையும் ஊணி, உடம்பை இழுத்துப் போடுது. வாலு சும்மா பொறத்த வருது.

"அம்மா, இதுக்குக் காலே இல்லியே. கையை ஊணித்தான போவுது"ன்னேன்.

அம்மை நிமிந்தா. எத்தனை உளுவையை அரிஞ்சவ, அவளுக்குத் தெரியாததா? ஆசை கண்ணைக் கட்டியிருந்தது. மடியில இருந்த மீனையெல்லாம் உதறினா. "காலில்லாத சவத்தத் தின்னா காலு எங்கருந்துட்டி வரும்? மயினி என்னை மடச்சி ஆக்கிட்டாளே!"ன்னு கத்தினா, அழுதா. ஆனா வீட்டுக்குக் கிளம்பல. மீனு போறதையே பாத்துக்கிட்டு நின்னா.

மறுநாளே பூவரசங்கட்டை ரெண்டை என் கைக்குப் பிடி வச்சுச் செதுக்க வச்சா. முழங்காலுல சாக்கைச் சுத்தினா. "ஊணு. இழு." வேற பேச்சே கிடையாது. உள்ளங்கை பொத்துப் போச்சு.

மாமி ஓடி வந்தா. "பொட்டப்பிள்ளையை இப்படித் தரையில இழைய விடுதியே, ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கிற வாயி என் பிள்ளையைச் சுமக்குமா மயினி?"

மழை கழிஞ்சு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். உசரமான கல்லுப்படி. மனசு கேக்காம அப்பா தூக்க ஓடினாரு. "தொடாதீங்க!"ன்னு அம்மை ஒரு சத்தம் போட்டா. அவ கையை முதுகுக்குப் பொறத்த கட்டிக்கிட்டு நின்னா. கல்நெஞ்சுக்காரின்னு மனசுக்குள்ள வைதேன். வைதுகிட்டே ஊணினேன், இழுத்தேன், ஏறிட்டேன்.

வாத்தியார் பேரேட்டை எடுத்து விரிச்சாரு. பொறவு பேரு கேட்டாரு. "ராஜபாய்"னு நானே சொன்னேன். திரும்பிப் பாத்தேன். அம்மை முந்தானையைக் கடிச்சுக்கிட்டு நின்னா.

அதுக்குப் பொறவு ஒருநாள் மாமி ஒரு சட்டி உளுவையை உசிரோட கொண்டு வந்தா. அம்மை அப்படியே தூக்கிட்டுப் போய்ப் பொழியில விட்டுட்டு, வெறும் சட்டியை மாமி கையில குடுத்தா.

"என் பிள்ளைக்கு நடக்கச் சொல்லிக் குடுத்தவனைக் குழம்பு வைக்க நான் என்ன அரக்கியா மயினி?"