பலாமரத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை

எங்கள் அலுவலகத்தில் சின்னராசுவை யாரும் வெறும் சின்னராசு என்று சொன்னதில்லை. மனு சின்னராசு என்றுதான் சொல்வோம். "மனுக்காரர் வர்றாருங்க" என்று வாசலில் யாராவது குரல் கொடுத்தால் போதும், உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் திடீரென்று டீ குடிக்கத் தோன்றிவிடும். நான் மட்டும் எழுந்து போக முடியாது, ஏனென்றால் மனு வாங்கும் நாற்காலி என்னுடையது. அது எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. மலைமேல் இருக்கும் இந்தச் செம்மேட்டில் அலுவலகங்களுக்கா பஞ்சம், நீங்களே ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரோஸ்லின், நாமக்கல்காரி. மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஆரம்பிக்கும் கொண்டை ஊசி வளைவுகள் என் வயிற்றுக்கு இன்னும் பழகவில்லை. அதனால் ஜன்னலோர சீட்டுக்காக நான் சண்டை போடாத கண்டக்டர் கிடையாது. முன்கோபக்காரி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பொய்யென்று சொல்லமாட்டேன். திங்கட்கிழமைதோறும் மலைக்காரர்கள் கொண்டுவரும் மனுக்களை வாங்கி, கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து, அந்தந்தத் துறைக்கு அனுப்பும் வேலையைக் கோபக்காரியிடம் கொடுத்தது யார் யோசனையோ தெரியாது.

சின்னராசுவுக்கு வாசலூர்பட்டிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். சாமை விதைப்பார், மரவள்ளி போடுவார், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார். இளவயதில் கீழே ஒரு லாரி ஆபீசில் கொஞ்சகாலம் இருந்தவர் என்பதால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரே மகளை ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் அவரும் மனைவி பொன்னாயியும்தான். அலுவலகத்துக்கு வந்தால் உட்கார மாட்டார். தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, "ஒரு சின்ன மனுவுங்க மேடம்" என்பார்.

ஒருநாள் ஓடைப் படிக்கட்டு பாசி பிடித்திருக்கிறது என்பார். இன்னொரு நாள் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை என்பார். பிறகு பாதையோரப் புதர், பஸ் நிற்கும் இடத்துப் பள்ளம், பலாமர வளைவில் தெருவிளக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒன்று ஊராட்சிக்குப் போகும், ஒன்று மின்வாரியத்துக்குப் போகும், ஒன்று யாருக்குப் போக வேண்டும் என்று எனக்கே தெரியாது. சிலது நடந்தது, சிலது நடக்கவில்லை. நடந்ததற்கு அவர் வந்து நன்றி சொல்லிவிட்டு, அதே மூச்சில் அடுத்த மனுவை நீட்டுவார். அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்காமல் இருப்பது நல்லது.

போன வருடம் மேலிடத்திலிருந்து ஒரு புது மென்பொருள் வந்தது. அதுவரை ஏற்றிய மனுக்கள் அத்தனையையும் அதற்குள் கொட்டினால், ஒவ்வொரு மனுவும் திரையில் ஒரு புள்ளியாகிவிடும். ஒரே மாதிரி விஷயம் பேசும் மனுக்கள் ஒன்றையொன்று தேடிப்போய் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். முதல்நாள் அதை ஓடவிட்டபோது நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பட்டா கேட்டவர்கள் எல்லாரும் ஒரு பெரிய கொத்து, ரேஷன் கார்டு ஒரு கொத்து, பஸ் ஒரு கொத்து, காட்டெருமை மேய்ந்த மரவள்ளிக்கு ஒரு தனிக் கொத்து. ஓர் ஓரத்தில் யாரோடும் சேராமல் ஒரு புள்ளி. திறந்து பார்த்தால், தன் மாமியாரை அவரது சொந்த ஊருக்கே திருப்பி அனுப்ப அரசு ஆவன செய்யவேண்டும் என்று ஒரு மருமகன் கேட்டிருந்தார். அன்றைக்கு முழுவதும் அலுவலகம் அந்தப் புள்ளியை வைத்தே சிரித்தது.

எங்கள் மேலாளர் அர்த்தனாரி சிரிக்கவில்லை. அவருக்கு ஆய்வுக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. நிலுவையில் கிடக்கும் மனுக்களைக் குறைத்தாக வேண்டும் என்ற கவலை.

"ஏம்மா ரோஸ்லின், பேரை வெச்சுக் கலர் போட முடியுமா இதுல?" என்றார்.

போட்டேன். பட்டா கேட்டவர் பட்டாவிலேயே நின்றார், பஸ் கேட்டவர் பஸ்ஸில் நின்றார். ஒரே ஒருவர் மட்டும் எல்லாக் கொத்திலும் இருந்தார். விளக்கில் ஒரு சிவப்புப் புள்ளி, கிணற்றில் ஒன்று, சாலையில் ஒன்று, புதரில் ஒன்று. அத்தனையும் சின்னராசு.

"பாத்தீங்களா, உண்மையில குறை இருக்கறவன் ஒரு குறையைச் சொல்லுவான். இவருக்குப் பொழுது போகலைம்மா. பழக்கமா மனுப் போடறவர்னு ஒரு குறிப்பு எழுதி, நிலுவையில இருக்கறதை முடிச்சு வெச்சிருங்க. இனி இவருகிட்ட வாங்க வேண்டாம்."

நிலுவையில் இருந்தவை இரண்டு. ஓடைப் படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி, பலாமர வளைவுக்கு விளக்கு. அந்தக் குறிப்பை எழுதினால் இரண்டும் செத்துவிடும், சின்னராசு எழுதும் எந்த மனுவும் இனி எங்கள் வாசலைத் தாண்டாது. எனக்கு அதில் பெரிய வருத்தம் எதுவும் அப்போது இல்லை. ஆனால் ஒருவரைப் பற்றிக் குறிப்பு எழுதும் முன் அவர் எழுதியதையெல்லாம் ஒருமுறை சேர்த்துப் பார்க்க வேண்டாமா? மற்ற புள்ளிகளை மறைத்துவிட்டு, அவருடையதை மட்டும் மறுபடி அடுக்கச் சொன்னேன். ஒரே வார்த்தை எந்தெந்த மனுவில் வருகிறதோ அவற்றுக்கு இடையே கோடு போடச் சொல்லும் ஒரு பொத்தானும் அதில் உண்டு. அதையும் அழுத்தினேன்.

விஷயங்கள் வேறுவேறு என்பதால் புள்ளிகள் நாலாபக்கமும் சிதறும் என்று நினைத்தேன். சிதறவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. புதர் மனுவில் பலாமரம் வந்தது, விளக்கு மனுவிலும் பலாமரம் வந்தது. விளக்கு மனுவில் வந்த கிணறு, சுற்றுச்சுவர் மனுவிலும் வந்தது. சுற்றுச்சுவர் மனுவில் ஓடை வந்தது, படிக்கட்டு மனுவிலும் ஓடை. கடைசிப் புள்ளியில் பஸ் நிற்கும் இடம். முதல் புள்ளியில், "எங்கள் வீட்டு வாசலிலிருந்து" என்று இருந்தது.

இத்தனை காலம் மனுக்களைத் துறைவாரியாகப் பிரித்து அனுப்பியதால் யார் கண்ணிலும் படாத ஒரு பாதை அது. ஒரு வீட்டிலிருந்து ஒரு பஸ் வரைக்கும்.  குறிப்பு எழுதுவதைத் தள்ளிப்போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை சின்னராசு வந்தார். வழக்கம்போல மற்றவர்கள் டீக்குப் போனார்கள். அவரைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்கவைத்து, திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இதெல்லாம் நீங்க எழுதினதுங்க ஐயா. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனு."

குனிந்து பார்த்தார். "இத்தனையாங்க?" என்று அவரே கூச்சப்பட்டார்.

"எல்லாம் ஒரே வழியில வருதுங்க. இந்த வழியில யாரு நடக்கறாங்க?"

அவர் துண்டை அக்குளிலிருந்து எடுத்தார், மடித்தார், மறுபடி இடுக்கிக்கொண்டார். நானும் விடவில்லை. முடித்து வைக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, காரணம் தெரியாமல் நான் எதையும் தடுக்க முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"ஊட்டுக்காரிங்க," என்றார். "அவளுக்குக் கண்ணு போயிட்டே இருக்குதுங்க மேடம். மொதல்ல ஓரம் தெரியலேன்னு சொன்னா. அப்பறம் பொழுது சாஞ்சா எதுவும் தெரியலேன்னு சொன்னா. சேலத்துல காட்டுனோமுங்க. இருக்கறது இருக்கற வரைக்கும்தான், போனதைத் திருப்ப முடியாதுன்னுட்டாங்க."

"இதை மனுவுலயே எழுதியிருக்கலாமில்லீங்களா? ஒரே மனுவா, எல்லாத்தையும் சேர்த்து?"

"மொத்தமா எழுதுனா ஏன்னு கேப்பாங்களே. ஊருக்குள்ள வந்து விசாரிப்பாங்க. அவ யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கறாளுங்க. வாரம் தப்பாம செம்மேட்டுச் சந்தைக்குத் தனியா வந்து யாவாரம் பண்றவ. கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சா நாளைக்கே ஆளாளுக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க, பாவம்பாங்க. அது அவளுக்கு ஆகாதுங்க. அதான் ஒவ்வொண்ணா, வேற வேறயா எழுதுனேன். மனுப் பைத்தியம்னு என்னையத்தானே சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும்."

எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் போனபின் கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். டீ குடித்துவிட்டு வந்த பக்கத்து மேசை சங்கீதா, "என்னக்கா சளியா?" என்று கேட்டாள்.

அந்த வாரச் சந்தையில் பொன்னாயியைத் தேடிப் போனேன். மிளகும் சாமையும் மலைவாழைப் பழமும் முன்னால் பரப்பி உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, நல்ல கணீர் குரல். கை தயங்காமல் படியைத் தொட்டது, சாமையை அளந்தது, தலைதட்டியது. வருகிறவர்களை வாய் திறக்கவைத்துக் குரலிலேயே ஆளைத் தெரிந்துகொண்டார். விஷயம் தெரியாதவர்கள் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என் முகத்தைப் பார்த்துப் பேசும்போது மட்டும் பார்வை என் காதுக்கருகில் எங்கேயோ நின்றது. நான் மனு வாங்கும் ஆபீஸ்காரி என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

"எங்கூட்டு மனுசனால உங்களுக்குத் தலைவலிதானுங்க கண்ணு? திங்கக்கெழமையானா காட்டு வேலையப் போட்டுட்டுக் காயிதத்தத் தூக்கிட்டுக் கெளம்பிருவாரு. நான் திட்டாத நாளில்லீங்க."

"அவரு என்ன கேக்கறாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

கை ஒரு கணம் சாமைக்குள் அப்படியே நின்றது. "தெரியாமங்களா," என்றார் மெதுவாக. "நான் எங்க தடுக்குனேனோ, அடுத்த வாரம் அதுக்கு ஒரு மனு போகுமுங்க. நானும் கேட்டுக்கறதில்ல, அவரும் சொல்றதில்ல." பிறகு கேட்காமலே ஒரு சீப்புப் பழத்தை என் பைக்குள் வைத்தார்.

மறுநாள் அர்த்தனாரியின் மேசைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த மென்பொருளில் நாமே புள்ளிகளைச் சேர்த்து ஒரு கொத்து உண்டாக்கலாம். சின்னராசுவின் எல்லா மனுக்களையும் ஒன்றாகச் சேர்த்து, "ஊர்ப்பாதை பாதுகாப்பு" என்று பெயர் வைத்திருந்தேன்.

"எல்லாம் ஒரே பாதை சார். பாதி வேலை முடிஞ்சிருக்கு. மீதி ரெண்டும் போட்டாத்தான் முடிஞ்சதும் பிரயோஜனப்படும். இது பல குறையில்ல, ஒண்ணுதான்."

அவர் வரிசையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இதை ஒரே மனுவா எழுதியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்குமேம்மா? ஏன் எழுதலை?"

"அவருகிட்ட காரணம் இருக்கு சார். தயவு செஞ்சு அதை மட்டும் கேக்காதீங்க."

என் குரல் எப்படி வந்ததோ தெரியவில்லை, அர்த்தனாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கெஞ்சி அவர் பார்த்ததில்லை. மேலே எதுவும் கேட்காமல், இரண்டு வேலைக்கும் சிபாரிசு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மின்வாரியத்துக்கும் ஊராட்சிக்கும் அவரே போன் செய்து நச்சரித்தார். ஆய்வுக் கூட்டத்தில் இந்தப் படத்தைத்தான் காட்டினாராம். காட்டிவிட்டுப் போகட்டும்.

கைப்பிடிக் கம்பி மழைக்கு முன்பே வந்துவிட்டது. விளக்குக் கம்பம் வர நாளானது. பருவமழையில் பாதை கெட்டு, வேலை நின்று, ஒருவழியாகக் கம்பம் நட்டு வயர் இழுத்தாயிற்று, பல்பு மாட்டுவதுதான் பாக்கி என்று தகவல் வந்தது. அதைச் சொல்வதற்காகவே சின்னராசு எப்போது வருவார் என்று காத்திருந்தேன். மனு சின்னராசுவுக்காக அந்த அலுவலகத்தில் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல்தடவை.

வந்தார். கையில் காகிதம் இல்லை.

"ஏனுங்க மேடம், அந்த லைட்டு மனுவ வாபஸ் வாங்கிக்கலாமுங்களா?"

"பல்பு மாட்டப்போறாங்க ஐயா. இப்பப் போயி ஏன்?"

"அவளுக்கு இப்ப வெளிச்சமும் தெரியறதில்லீங்க." ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "ஐப்பசியோட அதுவும் போயிருச்சுங்க. கம்பிய மட்டும் புடிச்சுட்டு நடக்கறா, பரவால்லீங்க. சந்தைக்கு நான் கூட வாரேன். லைட்ட வேற ஊருல வேணுங்கறவங்களுக்குப் போட்டுருங்க. வீணாப் போயிரக் கூடாதுங்களே."

நான் கோபத்தைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன்.

"கூட நடக்கறவருக்குக் கண்ணு தெரிய வேண்டாமா ஐயா? இருட்டுல நீங்க விழுந்து வெச்சா அவங்கள யாரு கூட்டிட்டு வர்றது? லைட்டு உங்களுக்கு வேணுமுங்க. வாபஸ்ஸெல்லாம் முடியாது."

 இத்தனை மனுக்களில் அப்படி ஒன்றை அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. முதல்முறையாக எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளி, அப்படியானால் விளக்கு தனக்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

தேதி போட்டார், ஊர் பெயர் போட்டார், ஐயா வணக்கம் என்று முத்து முத்தாக எழுதினார். பிறகு பேனா நின்றுவிட்டது.

"எனக்குன்னு எப்படிங்க மேடம் கேக்கறது?" என்றார்.